கண்ணாடிக் குப்பியில் உயிர் வளர்த்த அம்மையார்

புற்றுநோய் ஆராய்ச்சியில் புகழ் பெற்ற டாக்டர் கமல் ரணதிவேயின் வாழ்க்கை

வெற்றிலை பாக்கு இல்லாத கலியாணம் நம் நாட்டில் உண்டா? பெண் பார்க்கப் போனாலும் தாம்பூலம். நிச்சயம் செய்தாலும் தாம்பூலம். விருந்து முடிந்து கை கழுவியதும் தாம்பூலம். பெரியவர்களை வணங்கும்போது தட்டில் முதலில் வைப்பதும் வெற்றிலை பாக்குதான்.

மங்கலப் பொருள் என்று நாம் போற்றும் இந்தப் பாக்கை, நாள் முழுவதும் வாயில் அடக்கி வைத்தால் என்ன ஆகும்? அது ஈற்றை என்ன செய்யும்? கன்னத்தின் உட்புறத்தை என்ன செய்யும்? அதோடு புகையிலையும் சேர்ந்தால்?

இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்காகச் சுண்டெலிகளை வளர்த்தார் ஓர் அம்மையார். உடம்பிலிருந்து எடுத்த சின்னஞ்சிறு சதைத் துண்டைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, அதை உயிரோடு வளர்த்துப் பார்க்கும் வித்தையை நம் நாட்டில் வேரூன்றச் செய்தவரும் அவரே. அவர்தான் டாக்டர் கமல் ரணதிவே.

இரண்டு ஆலை ஊர்கள்

புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஏ.எப்.டி. பஞ்சாலை ஓடிய காலத்தை அந்தப் பகுதிப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. ரோடியர் மில் என்று ஊரார் அழைத்த அந்த ஆலை 2020-ல் மூடப்பட்டது. அதற்கு முன் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது அது.

பஞ்சு பறக்கும் இடத்தில் பீடி பற்ற வைக்க முடியாது. ஒரு பொறி போதும், எல்லாம் சாம்பலாகிவிடும். ஆகவே பஞ்சாலை உள்ள ஊர்களில் வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றுக்கும் எப்போதும் கிராக்கி உண்டு. இரவு ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்க ஒரு சீவல், பசியை மறக்க ஒரு துண்டுப் புகையிலை என்று பழகிவிட்டவர்கள் பலர்.

பம்பாயில் பரேல் என்று ஒரு பகுதி உண்டு. அதுவும் முதலியார்பேட்டையைப் போலப் பஞ்சாலைப் பகுதிதான். அந்த ஆலைகளின் நடுவே 1941-ம் ஆண்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி எழுந்தது. டாட்டா குடும்பத்தாரின் அறக்கட்டளை கட்டிய டாட்டா நினைவு ஆஸ்பத்திரி அது. புற்றுநோய்க்கென்றே ஏற்பட்டது. கமல் ரணதிவேயின் வாழ்க்கைப் பணி அங்கேதான் தொடங்கியது.

அப்பாவின் ஆசை

கமல் என்ற பெயரைக் கேட்டு ஆண்பிள்ளை என்று எண்ணிவிட வேண்டாம். கமல் என்றால் தாமரை. மராட்டிய நாட்டில் அது பெண்களுக்கு வைக்கும் பெயர்.

1917-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி பூனா நகரில் அவர் பிறந்தார். தந்தை தினகர் சமர்த். பூனாவில் உள்ள பெர்குசன் கல்லூரியில் உயிரியல் ஆசிரியர். தாயார் சாந்தாபாய்.

பெண் குழந்தைக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று பலரும் எண்ணிய காலம் அது. தினகர் சமர்த் அப்படி எண்ணவில்லை. தம் பிள்ளைகள் எல்லோரும் நன்றாகப் படிக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பெண்களுக்கென்று ஏற்பட்ட ஹுஜூர்பாகா பள்ளியில் மகளைச் சேர்த்தார். கமல் கெட்டிக்காரப் பெண். வகுப்பில் நன்றாகத் தேறினார்.

மகள் டாக்டருக்குப் படிக்க வேண்டும், ஒரு டாக்டரையே மணக்க வேண்டும் என்பது தந்தையின் ஆசை. இரண்டும் நடக்கவில்லை! கமல், தந்தை பாடம் சொல்லிய பெர்குசன் கல்லூரியிலேயே சேர்ந்து செடிகளைப் பற்றியும் பிராணிகளைப் பற்றியும் படித்தார். 1934-ல் சிறப்பாகத் தேறிப் பட்டம் பெற்றார். பிறகு பூனா விவசாயக் கல்லூரியில் மேல் படிப்பு. சீத்தாப்பழ இனத்துச் செடிகளின் உயிரணுக்களை ஆராய்வதில் அவர் மனம் சென்றது.

கலியாணத்துக்குப் பின் படிப்பு

1939-ம் ஆண்டு மே மாதத்தில் அவருக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை ஜே. டி. ரணதிவே டாக்டர் அல்ல, கணித அறிஞர். கமல் சமர்த், கமல் ரணதிவே ஆனார். தம்பதிகள் பம்பாயில் குடியேறினார்கள். ஒரு மகனும் பிறந்தான்.

பெரும்பாலான பெண்களுக்குப் படிப்பு அந்த இடத்தில் முடிந்து போகும். கமலுக்கு முடியவில்லை. கலியாணமாகி நான்கு ஆண்டுகள் கழித்து, 1943-ல், எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். இதற்குக் கணவரின் துணை பெரிது. மனைவி படிப்பதைப் பொறுத்துக் கொண்டவர் என்பதைவிட, படிக்கத் தூண்டியவர் என்பதே பொருந்தும். மகளுக்கு எந்தத் துறை ஏற்றது என்று தந்தை கருதினாரோ, அந்த உயிரணுத் துறையிலேயே அவர் மேலே செல்லக் கணவர் உதவினார்.

வீடு பம்பாயில். டாட்டா நினைவு ஆஸ்பத்திரியும் பம்பாயில். கமல் அங்கே வேலையில் சேர்ந்தார்.

1,000 நோயாளிகள்

அந்த ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிசாலைக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் வசந்த் ராம்ஜி கானோல்கர். லண்டனில் படித்தவர். நோய்க்கூறு இயலில் இந்தியாவின் தந்தை என்று போற்றப்படுபவர்.

கானோல்கர் ஒன்றைக் கவனித்தார். மேல்நாடுகளில் அரிதாக இருந்த வாய்ப் புற்றுநோய் நம் நாட்டில் மிகுதியாக இருந்தது. அடுத்தடுத்து வந்த 1,000 வாய்ப் புற்று நோயாளிகளைப் பற்றி ஆராய்ந்து, 1944-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நம் நாட்டு நோயைப் பற்றி நம் நாட்டிலேயே நடந்த மிக முக்கியமான ஆராய்ச்சிகளில் அது ஒன்று.

வெற்றிலைச் சருகை நாம் எங்கே அடக்குகிறோம்? கீழ் ஈறும் கன்னமும் சேரும் பள்ளத்தில்தான். இந்தியாவில் வாய்ப் புற்று மிகுதியாகத் தோன்றும் இடமும் அந்தப் பள்ளமே. புகையிலை அடக்குகிறவர்கள் இடது புறம் அடக்கினால் இடது புறமும், வலது புறம் அடக்கினால் வலது புறமும் புற்று வருவதை டாக்டர்கள் கண்டார்கள்.

ஆனால் இது சந்தேகத்துக்குப் போதும், சாட்சிக்குப் போதாது. குற்றவாளி பாக்கா, புகையிலையா, சுண்ணாம்பா? மூன்றும் சேர்ந்தா? மனிதன் ஒருவனை உட்கார வைத்து, புற்று வருகிறதா பார்க்கலாம் என்று பாக்கைக் கொடுத்துக்கொண்டே இருக்க முடியுமா? முடியாது. அது பாவம்.

ஆகவே விஞ்ஞானிகளுக்கு இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, சுண்டெலி. மற்றொன்று, கண்ணாடிக் குப்பி. இரண்டிலும் கமல் கைதேர்ந்தார்.

வெள்ளைச் சுண்டெலிகள்

சுண்டெலியை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்? அது சிறியது. சிறிய பெட்டியில் வாழும். சுமார் மூன்று வாரத்தில் குட்டி போடும். இரண்டு ஆண்டுகளுக்குள் அதன் வாழ்வு ஏறக்குறைய முடிந்துவிடும். மனிதனுக்கு 60 ஆண்டுகளில் நடப்பதை எலியிடம் இரண்டே ஆண்டுகளில் பார்த்துவிடலாம்.

ஒரே குடும்பத்து எலிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே இணைய விட்டால், இருபது தலைமுறைக்குப் பின் எல்லாக் குட்டிகளும் இரட்டைப் பிள்ளைகளைப் போல் ஒன்றாகிவிடும். அப்படி வளர்த்த இனங்களில் ஒரு வேடிக்கை உண்டு. சில இனங்களில் பெண் எலிகளுக்கு மார்புப் புற்று அடிக்கடி வரும். சில இனங்களில் வரவே வராது என்று சொல்லலாம்.

இந்த வேற்றுமைக்குக் காரணம் என்ன? கமல் இதைத் துருவித் துருவி ஆராய்ந்தார். பிறப்பிலேயே வரும் தன்மை ஒரு காரணம். உடம்பில் சுரக்கும் ஹார்மோன்கள் ஒரு காரணம். தாய் எலியின் பால் வழியாகக் குட்டிக்குச் செல்லும் வைரஸ் ஒன்றும் காரணம் என்று அமெரிக்க விஞ்ஞானி பிட்னர் 1936-ல் காட்டியிருந்தார். இவை ஒன்றோடொன்று எப்படிக் கைகோத்துக் கொள்கின்றன என்பதுதான் கமலின் ஆராய்ச்சி. மார்புப் புற்றுக்கும் பரம்பரைக்கும் தொடர்பு உண்டு என்று முதலில் கண்டவர்களில் அவரும் ஒருவர்.

இதைப் படிக்கும் தாய்மார்கள் பயப்பட வேண்டாம். அந்த வைரஸ் சமாசாரம் எலிக்குத்தான். குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பது குழந்தைக்கும் நல்லது, தாய்க்கும் மார்புப் புற்று வரும் ஆபத்தைக் குறைக்கிறது.

1949-ல் கமலுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. வழிகாட்டி கானோல்கர். அப்போது கமலுக்கு வயது 31. வீட்டில் சிறு குழந்தை.

கடல் தாண்டிய பயணம்

எலியை வெளியிலிருந்து பார்த்தால் போதாது. உடம்பின் உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும்.

வீடு செங்கல்லால் கட்டியது போல் நம் உடம்பு உயிரணுக்களால் ஆனது. ஆங்கிலத்தில் செல் என்பார்கள். ஒவ்வொரு செல்லும் தனி உயிர் போல் உண்கிறது, வளர்கிறது, இரண்டாகப் பிரிகிறது. எப்போது பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது அதற்குத் தெரியும். அந்தக் கட்டுப்பாட்டை மறந்து, பிரிந்துகொண்டே போகும் செல்தான் புற்று.

செல்லை உடம்புக்கு வெளியே எடுத்து உயிரோடு வைத்துப் பார்க்க முடியுமா? 1907-ல் அமெரிக்காவில் ஹாரிசன் என்பவர் தவளைக் கருவின் நரம்பைக் கண்ணாடியில் வளர்த்துக் காட்டினார். பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரத்துக்காரரான டாக்டர் அலெக்சிஸ் கரேல், 1912-ல் கோழிக் கருவின் இதயத் துண்டிலிருந்து செல்களை வளர்க்கத் தொடங்கி உலகத்தையே வியக்க வைத்தார்.

அடுத்து வந்தவர்களில் பேர் பெற்றவர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து டாக்டர் ஜார்ஜ் கை. கை என்பது அவருடைய குடும்பப் பெயர். சோதனைக் குழாய்களை ஓர் உருளையில் பொருத்தி மெதுவாகச் சுழலவிட்டால் செல்கள் நன்றாக வளர்கின்றன என்று காட்டியவர் அவர்.

1951-ல் அவருடைய ஆராய்ச்சிசாலையில்தான் மனிதச் செல்கள் முதல் முறையாகச் சாகாமல் வளர்ந்துகொண்டே போயின. ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற 31 வயது நீக்ரோப் பெண்மணியின் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து எடுத்த செல்கள் அவை. ஐந்து குழந்தைகளின் தாயான அவர் அந்த ஆண்டே இறந்தார். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை என்பது விஞ்ஞானத்தின் முகத்தில் விழுந்த கறை. அவருடைய செல்களோ இன்றும் உலகெங்கும் ஆராய்ச்சிசாலைகளில் வாழ்கின்றன.

அந்த ஜார்ஜ் கையிடம் பயிற்சி பெறும் வாய்ப்பு கமலுக்குக் கிடைத்தது. உதவித் தொகை பெற்று அமெரிக்கா சென்று, செல் வளர்க்கும் வித்தையை அங்கே கற்றார்.

கற்றவர் அங்கேயே தங்கிவிடவில்லை. பம்பாய்க்குத் திரும்பினார். இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1952-ல் ஏற்பட்டிருந்தது. அதன் தலைவர் கானோல்கர். கமல் அங்கே மூத்த ஆராய்ச்சி அதிகாரியானார்.

எல்லாம் இங்கேயே

திரும்பி வந்து பார்த்தால் இங்கே என்ன இருந்தது? செல்லுக்கு ஊட்ட வேண்டிய உணவு நீர் இல்லை. அதைச் செய்து விற்பவர்களும் இல்லை. ஒவ்வொன்றும் கப்பலில் வர வேண்டும். வந்து சேரும்போது கெட்டுப் போயிருக்கும்.

கமல் தளரவில்லை. பம்பாயில் திசு வளர்ப்பு ஆராய்ச்சிசாலையை அமைத்தார். இந்தியாவிலேயே முதலாவது என்று அது போற்றப்படுகிறது. 1960-களின் தொடக்கத்தில் உயிரியல் தெரிந்தவர்களையும் ரசாயனம் தெரிந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு, உணவு நீரையும் மற்ற மருந்துப் பொருள்களையும் இங்கேயே தயாரிக்க வழி செய்தார். வெளிநாட்டு ஆராய்ச்சிசாலைகளில் இருந்த நம் இளைஞர்களைப் பேசி வரவழைத்தார். நல்ல சம்பளமும் நல்ல கருவியும் உள்ள இடத்தை விட்டு வருவது எளிதல்ல. ஆனாலும் வந்தார்கள்.

1964-ல் மருத்துவக் கவுன்சிலின் வெள்ளி விழாப் பரிசு அவருக்குக் கிடைத்தது. தங்கப் பதக்கமும் 15,000 ரூபாயும் கொண்ட அந்தப் பரிசை முதலில் பெற்றவர் அவரே. 1966 முதல் 1970 வரை ஆராய்ச்சி நிலையத்தின் தலைமைப் பொறுப்பையும் பார்த்தார்.

ஈற்றிலிருந்து செல் எடுப்பது எப்படி?

கமல் இந்நாட்டில் பரப்பிய அந்த வித்தைதான் இன்று பல் மருத்துவ ஆராய்ச்சிக்கும் அடிப்படை. சுண்டெலியின் ஈற்றிலிருந்து செல்களைப் பிரித்து வளர்க்கிறார்கள் இன்றைய விஞ்ஞானிகள். எப்படி என்று பார்ப்போமா?

சுண்டெலிக்கு மொத்தம் 16 பற்கள். முன்னே மேலும் கீழுமாக நான்கு, பின்னே பன்னிரண்டு கடைவாய்ப் பற்கள். அந்தக் குட்டி வாயில் ஈறு எவ்வளவு இருக்கும்? எடுக்கும் துண்டு எள்ளளவுதான்.

முதலில் எலி வலி தெரியாமல் உயிர் துறக்கும்படி செய்கிறார்கள். இதற்கெல்லாம் சட்டம் உண்டு. பிராணிகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டம் 1960-ல் வந்தது. ஆராய்ச்சிசாலை எலியும் அதற்குள் அடக்கம்.

வாய் என்பது கிருமிகளின் சந்தை. ஆகவே எடுத்த துண்டை, கிருமி கொல்லும் மருந்து கலந்த உப்பு நீரில் பல தடவை அலசுகிறார்கள். ஒரே ஒரு கிருமி தப்பினாலும் மறுநாள் குப்பி முழுவதும் கலங்கிவிடும். உழைப்பெல்லாம் வீண்!

அடுத்து, செல்களைப் பிரிக்க வேண்டும். செங்கற்களுக்கு நடுவே சாந்து இருப்பது போல் செல்களுக்கு நடுவே நார்ப் பொருள் இருக்கிறது. அதைக் கரைத்தால் செல்கள் தனித்தனியாகும். நாம் சாப்பிடும் இறைச்சியை வயிற்றுக்குள் செரிக்க வைக்கும் திரவங்கள் உண்டு அல்லவா? அந்த இனத்தைச் சேர்ந்த டிரிப்சின், கொலாஜினேஸ் போன்ற பொருள்களை அளவோடு சேர்க்கிறார்கள். அளவு மிஞ்சினால் சாந்தோடு செங்கல்லும் கரையும். குறைந்தால் ஒன்றும் பிரியாது. கைப்பக்குவம் தெரிந்தவரே செய்ய வேண்டிய வேலை.

ஈற்றில் இரண்டு அடுக்குகள். மேலே தோல் போன்ற அடுக்கு. கீழே நார் அடுக்கு. கீழ் அடுக்கில் இருக்கும் நார்ச் செல்கள் சுறுசுறுப்பானவை. வயலில் களை மண்டுவது போல் மண்டி, மேல் அடுக்குச் செல்களுக்கு இடம் இல்லாமல் செய்துவிடும். ஆகவே இரண்டையும் முதலிலேயே பிரித்து வெவ்வேறு குப்பிகளில் வளர்ப்பதுண்டு.

குப்பியில் உள்ள உணவு நீரில் உப்பு, சர்க்கரை, வைட்டமின், கன்றின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர் எல்லாம் இருக்கும். குப்பியை நம் உடம்பின் சூடு, அதாவது 37 டிகிரி, மாறாத பெட்டியில் வைக்கிறார்கள். கோழி அடைகாப்பது போல! உணவு நீரில் ஒரு சிவப்புச் சாயமும் கலந்திருக்கும். செல்கள் உணவை உண்டு கழிவை விட்டதும் சிவப்பு மஞ்சளாகும். அதைப் பார்த்ததும் நீரை மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி என்றெல்லாம் செல்லுக்குத் தெரியாது. வேளை தவறினால் செத்துவிடும்.

குப்பி நிறைந்ததும் செல்களைப் பிரித்து வேறு குப்பிகளில் போடுகிறார்கள். நாற்றங்காலில் நெருங்கி வளர்ந்த நாற்றைப் பறித்து நடுவதைப் போல. நாற்று நட்டுப் பழகிய கைக்கு இதன் அருமை புரியும்.

இப்போது ஒரே எலியின் ஈற்றுச் செல்கள் பத்துக் குப்பிகளில் இருக்கின்றன. ஐந்து குப்பிகளில் பாக்குச் சாறு விடலாம். ஐந்தில் விடாமல் இருக்கலாம். மற்றதெல்லாம் ஒன்றே. ஆகவே வேற்றுமை தெரிந்தால் அது பாக்கின் வேலைதான். சந்தேகம் சாட்சியாவது இங்கேதான்.

பாக்கின் மேல் தீர்ப்பு

கமல் தம் தோழர்களுடன் பல ஆண்டுகள் பாக்கையும் புகையிலையையும் சோதித்தார். பாக்கின் சாற்றைச் சுண்டெலிகளுக்கு ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார்கள். கன்னத்தில் பை உள்ள ஹாம்ஸ்டர் என்ற எலி இனத்தையும் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். பாக்குச் சாறு ஏறிய சுண்டெலிகளில் கட்டிகள் தோன்றின. 1976-ல் இந்த முடிவுகள் உலகப் புகழ் பெற்ற புற்றுநோய்ப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தன.

புகையிலை கெடுதல் என்று பலருக்குத் தெரியும். பாக்கு? அது நம் வீட்டுப் பிள்ளை போல் ஆயிற்றே! அதன் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? கமலும் அவரைப் போன்றவர்களும் சந்தேகப்பட்டார்கள்.

பல நாட்டு ஆராய்ச்சிகளும் சேர்ந்த பின், உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வெளியிட்ட நூலில் தீர்ப்பு வந்தது. புகையிலை சேராவிட்டாலும் பாக்கு மனிதனுக்குப் புற்றை உண்டாக்கக் கூடியது என்பதே அந்தத் தீர்ப்பு. அதைக் காணக் கமல் உயிரோடு இல்லை.

பாக்குக்கு வேறொரு குணமும் உண்டு. அதில் உள்ள அரிகோலின் என்ற பொருள் வாயின் நார்ச் செல்களைத் தூண்டி, நார்ப் பொருளை அளவுக்கு மீறி உண்டாக்க வைக்கிறது. கன்னம் தோல் பட்டை போல் இறுகுகிறது. வாயைத் திறக்க முடிவதில்லை. மூன்று விரல் நுழைந்த வாயில் ஒரு விரல்கூட நுழையாது. சோறு உருண்டை உள்ளே போகாது. காரம் பட்டால் எரிச்சல். 1950-களில் டாக்டர்கள் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டார்கள். பொட்டலத்தில் வரும் வாசனைப் பாக்கை மெல்லும் இளம் வயதினருக்கும் இது வருகிறது.

வாயில் வெள்ளைத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், ஈற்றில் தடிப்பு, வாய் திறப்பதில் சிரமம் இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் வந்தால் காப்பாற்றலாம். சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பாடுபட்டு 1954-ல் தொடங்கிய புற்றுநோய் நிலையம் போன்ற இடங்கள் அதற்காகவே இருக்கின்றன.

தொழுநோய்க்கும் ஒரு வழி

செல் வளர்க்கும் வித்தை வேறு திசையிலும் பயன் தந்தது. தொழுநோய்க் கிருமியை உடம்புக்கு வெளியே வளர்க்க முடியாமல் விஞ்ஞானிகள் திணறிக்கொண்டிருந்தார்கள். 1958-ல் கமல், கானோல்கர், பாபட் ஆகியோர் தொழுநோயாளி ஒருவரின் திசுவிலிருந்து, அந்தக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒன்றைப் பிரித்து வளர்த்தார்கள். அதை வைத்துப் பிற்காலத்தில் ஒரு தடுப்பூசி உருவாயிற்று.

அந்தத் தடுப்பூசியைச் சோதித்த இடம் எது தெரியுமா? நம் தமிழ்நாடுதான். சென்னையை அடுத்த கிராமங்களில், லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடையே நடந்த பெரிய சோதனை அது. 1998-ல் வெளியான முடிவின்படி, பம்பாயில் பிறந்த அந்தத் தடுப்பூசி சுமார் 65 சதவீதம் பாதுகாப்புத் தந்தது. சோதித்த நான்கு தடுப்பூசிகளில் முதல் வரிசையில் நின்றது.

பெண் விஞ்ஞானிகளுக்கு ஒரு வீடு

ஆராய்ச்சிசாலையில் வெற்றி பெற்ற பெண்ணுக்கு வீட்டில் அடுப்பும் குழந்தையும் காத்திருக்கும். இதை அனுபவத்தில் அறிந்தவர் கமல். படித்துப் பட்டம் பெற்ற எத்தனையோ பெண்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வேலையை விடுவதைக் கண்டார். தமக்குத் தந்தையும் கணவரும் துணை நின்றார்கள். அந்தப் பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்குமா?

1973-ல் தோழியர் 11 பேருடன் சேர்ந்து இந்தியப் பெண் விஞ்ஞானிகள் சங்கத்தைத் தொடங்கினார். வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதி, குழந்தைகளுக்குக் காப்பகம் என்று அந்தச் சங்கத்தின் பணி வளர்ந்தது. பல நகரங்களில் கிளைகளும் தோன்றின.

மலைவாசிக் குழந்தைகள்

ஓய்வு பெற்ற பின் பலர் சாய்வு நாற்காலியைத் தேடுவார்கள். கமல் மலையைத் தேடிப் போனார். மராட்டியத்தில் அகமத்நகர் மாவட்டத்தில் அகோலா தாலுகா மலைப் பகுதி. அங்கே உள்ள ராஜூர் கிராமத்துச் சுற்றுப்புறங்களில் ஆதிவாசிக் குழந்தைகளின் ரத்தத்தையும் ஊட்டத்தையும் சோதித்தார். கிராமத்துப் பெண்களுக்கு உடல்நலப் பயிற்சியும் புற்றுநோய் பற்றிய அறிவும் கிடைக்க வழி செய்தார். அங்கே பணியாற்றிய ஒரு தொண்டு நிறுவனம் இதற்குக் கைகொடுத்தது.

வாழ்நாளில் 200-க்கு மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளை அவர் எழுதினார். 1982-ல் இந்திய அரசாங்கம் பத்மபூஷண் விருது வழங்கியது.

2001-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி டாக்டர் கமல் ரணதிவே காலமானார். வயது 83. இருபது ஆண்டுகள் கழித்து, 2021 நவம்பர் 8-ந் தேதி, அவருடைய பிறந்த நாளன்று, கூகுள் நிறுவனம் தன் முகப்பில் அவருடைய சித்திரத்தை வெளியிட்டது. மைக்ராஸ்கோப்பும் கையுமாக அந்த அம்மையாரைக் கண்ட பலர், அவர் யார் என்று அன்றுதான் கேட்டு அறிந்தார்கள்.

அவர் தலைமை வகித்த ஆராய்ச்சி நிலையம் 2002-ல் பம்பாயை அடுத்த கார்கர் என்ற இடத்துக்கு மாறி, பெரிதாக வளர்ந்தது. அங்கே மாணவிகள் காலையில் வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து குப்பிகளைப் பார்க்கிறார்கள். நீர் சிவப்பாக இருக்கிறதா, மஞ்சளாகிவிட்டதா? செல்கள் நலமாக இருக்கின்றனவா? பிறகுதான் மற்ற வேலை.